‘நீ’க்குப் பின்னே ஒரு புள்ளி

முதல் வரிசைக்கு இராப்போஜன ரொட்டித் தட்டு வந்துவிட்டது. சுகிர்தவதி உட்கார்ந்திருப்பது ஏழாவது வரிசை, நடைபாதை ஓரம், முழங்கால் வலிக்காரிக்குக் காலை நீட்டிக்கொள்ளத் தோதான இடம், இருபது வருஷமாக அவளுடைய இடம். தட்டைத் தூக்கிக்கொண்டு வருகிறவர் மூப்பர் மாசிலாமணி. வேறு யாருமில்லை, அவளுடைய பெரியப்பா மகன், சொந்த அண்ணன் மாதிரி. அந்தத் தட்டு ஏழாவது வரிசைக்கு வரும்போது அவளை மட்டும் தாண்டிப் போகும். போகும் என்று வியாழக்கிழமை சாயங்காலமே சொல்லிவிட்டார்கள், வாயால் சொன்னார்கள், எழுத்தில் தரவில்லை. தாண்டட்டும், அதையும் பார்த்துவிடுகிறேன் என்றுதான் இருக்கிறதிலேயே மொடமொடவென்று கஞ்சி போட்ட வெள்ளைப் புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டு வந்தாள். “இன்னிக்கு ஒருநாள் வூட்லயே இருந்துக்கலாமே சுகிர்தா, எனக்குச் சளின்னு சொல்லிக்கலாம்” என்று புருஷன் ஆரோன் செருப்பை மாட்டாமல் வாசலிலேயே நின்று கெஞ்சினார். “சளி உங்களுக்கா சபைக்கா?” என்று கேட்டாள். பாவம் மனுஷன், செருப்பை மாட்டிக்கொண்டார். மின்வாரியத்தில் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்து யாரிடமும் குரல் உயர்த்தாமல் ஓய்வுபெற்றவர். இப்போது பக்கத்தில் உட்கார்ந்து கைக்குட்டையை மடிக்கிறார், பிரிக்கிறார், மறுபடி மடிக்கிறார். மடிக்கட்டும், அவருக்கும் கைக்கு ஒரு வேலை வேண்டாமா.

இரண்டாவது வரிசை. மேலே மின்விசிறி கடக்கு கடக்கு என்கிறது, அதை ரிப்பேர் செய்ய மூப்பர் சங்கம் மூன்று தடவை தீர்மானம் போட்டாயிற்று. திராட்சைரசத்தின் வாசனை இங்கே வரைக்கும் அடிக்கிறது, கறுப்புத் திராட்சையும் சர்க்கரையும் போட்டு அண்ணி காய்ச்சுவது, ஒவ்வொரு தடவையும் லேசாக அடிப்பிடித்துவிடும், யாரும் சொல்லமாட்டார்கள். ரொட்டி கடை ரொட்டிதான், ஓரம் வெட்டினது. அந்த ஓரங்களைப் பெரியம்மா அடுப்படியில் மாசிலாமணி அண்ணனும் அவளும் சர்க்கரை தொட்டுத் தின்றிருக்கிறார்கள், நடுப்பாகம் மேசைக்கு, ஓரம் பிள்ளைகளுக்கு. அவளுக்கு எப்போதும் நீளமான துண்டாகப் பார்த்துத் தருவார். அந்தக் கைதான் இது. சனியன், இதெல்லாம் இப்போதுதானா ஞாபகம் வரவேண்டும்? மேசையைப் பார் சுகிர்தா, மேசையை. எங்கள் சபையில் பலிபீடம் கிடையாது என்று செமினரியில் சபைச் சரித்திர வகுப்பின் முதல் நாளே சொல்லுவாள், இருபத்தாறு வருஷமாகச் சொல்லுகிறாள். பலிபீடம் கிடையாது, மெழுகுவத்தி கிடையாது, சொரூபம் கிடையாது, நடுவில் நின்று வாங்கிக்கொடுக்க ஒரு குரு கிடையாது. ஒரு மேசை, ஒரு வேதப்புத்தகம், சுற்றி உட்கார்ந்த ஜனம், அவ்வளவுதான் சீர்திருத்தம், இதற்காகப் பிரான்சிலும் ஹாலந்திலும் மனுஷர்கள் எரிந்து செத்தார்கள் என்பாள். அந்த மேசை கப்பலேறிப் பாலாற்றங்கரைக்கு வந்தது. வந்த இடத்தில் நாம் என்ன செய்தோம்? மேசையிலும் மேலண்டைத் தெரு கீழண்டைத் தெரு பார்த்தோம். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். பூசாரியே வேண்டாம் என்று கிளம்பி வந்த சபையில் ஏழு பூசாரி, ஏழு பேருக்கும் மூப்பர் என்று பேர். வெட்கக்கேடு.

இடதுபக்கச் சுவரைப் பார்க்கக் கூடாது என்றுதான் நினைத்தாள், பார்த்துவிட்டாள். சலவைக்கல். ‘சந்தாயி அம்மாள், வேதாகம ஸ்திரீ. தாது பஞ்சத்தில் பசித்தோருக்குத் தொண்டு செய்து 1878இல் உயிர் நீத்தார்.’ வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்கு வேதம் வாசித்துக் காட்டியவள், கீழண்டைத் தெருக்காரி, இந்தச் சபைக்கென்று இருக்கிற ஒரே பரிசுத்தவாட்டி. ஐம்பது வருஷத்துக்கு முன்னால் நூற்றாண்டு விழாவுக்குச் சபையின் சரித்திரம் எழுதி, இந்தக் கல்லையும் பதித்தது சுகிர்தவதியின் தாத்தா. தாத்தாவிடம் இருந்ததெல்லாம் சபையாரின் பேர்ப் பதிவேடு ஒன்றுதான். அதில் சந்தாயி பேருக்கு முன்னால் ‘நீ.’ என்று ஒரு எழுத்து, பக்கத்தில் ஒரு புள்ளி. தாத்தா தமிழ் வாத்தியார், ‘நீ.’ என்று பார்த்ததும் நீத்தார் என்று படித்துவிட்டார், தமிழ் வாத்தியாருக்கு அதைவிட இனிப்பான வார்த்தை ஏது? ஆனால் அதே பதிவேட்டில் பஞ்சத்தில் செத்த மற்ற நாற்பத்திரண்டு பேருக்கும் ‘நித்.’ என்றல்லவா போட்டிருக்கிறது! நித்திரையடைந்தார். அந்தக் காலத்துக் கிறிஸ்தவன் எவன் நீத்தார் என்று எழுதுவான்? தாத்தாவின் கண்ணில் நாற்பத்திரண்டு ‘நித்.’ படவில்லையா, பட்டும் படாததுபோல் பக்கத்தைத் திருப்பினாரா? இங்கே வந்து அவள் மனசு ஒவ்வொரு தடவையும் முட்டிக்கொண்டு நிற்கும். தாத்தா மடியில் உட்கார்ந்துதான் அ எழுதக் கற்றாள். போன ஆவணியில் செமினரி நூலகத்துத் தகரப் பெட்டியில், பழைய பாட்டுப் புத்தகங்களுக்கு அடியில், தொலைந்துபோனதாக எல்லோரும் சொன்ன அந்தக் காலத்து மினிட் புத்தகம் அகப்பட்டது. ‘மேற்படி சந்தாயி, மூப்பர் வீட்டார் பானம்பண்ணுமுன்னே பாத்திரத்தைத் தன் கையில் வாங்கிப் பானம்பண்ணினபடியால், மேசையினின்று நீக்கப்பட்டாள்.’ நீத்தாளும் இல்லை, நித்திரையும் இல்லை. நீக்கப்பட்டாள். கீழே கையெழுத்து: வேதமாணிக்கம், மூப்பர். அவளுடைய எள்ளுத்தாத்தா. மாசிலாமணி அண்ணன் வீட்டுக் கூடத்தில் சந்தனமாலை போட்டுத் தொங்குகிறாரே, அவரேதான்.

மூன்றாவது வரிசை முடிந்து நாலாவதுக்கு வந்தாயிற்று. வாங்கினவர்கள் தின்னாமல் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். எல்லோருக்கும் கொடுத்து முடிந்ததும் ஒன்றாகச் சாப்பிடுவது இங்கே வழக்கம். ஒருத்தருக்கு முன்னால் ஒருத்தர் இல்லை என்று காட்டத்தான். காட்டத்தான்! சுகிர்தவதிக்குச் சிரிப்பு வந்தது, இருமலாக மாற்றிக்கொண்டாள், ஆரோன் பயந்துபோய்த் திரும்பிப் பார்த்தார். வியாழக்கிழமையும் இப்படித்தான் அசந்தர்ப்பமாகச் சிரிப்பு வந்தது. கோவிலுக்குப் பின்னால் இருக்கிற அந்தச் சின்ன அறை, ஏழு மூப்பர், நடுவில் ஆயர் ரூபஸ், மேசைமேல் நூற்றைம்பதாவது ஆண்டு மலருக்காக அவள் எழுதிக்கொடுத்த பக்கங்கள், சிவப்பு மையில் ஒரே ஒரு வார்த்தையைச் சுற்றி வட்டம். “ஒரு வார்த்தைம்மா, ஒரே ஒரு வார்த்தை. தாத்தா போட்டதையே போட்டுடேன்” என்றார் மாசிலாமணி. “தப்புன்னு தெரிஞ்சப்புறம் எப்டிண்ணா போடறது?” “நம்ம வூட்டுப் பெரியவரை நீயே சந்தியில இழுத்து வுடறியே, உனக்கு நெஞ்சே துடிக்கலையா?” “துடிக்குதுண்ணா. அதனாலதான் எழுதினேன்.” “கீழண்டைத் தெருக்காரங்களே சந்தோஷமா கல்லுக்கு மாலை போட்டுக்கினு இருக்காங்க, நீ எதுக்கு ஆறின புண்ணைக் கிளறிக்கினு?” ஆறின புண்ணாம். யாருக்கு ஆறிற்று? போன வருஷம்கூடக் கீழண்டைத் தெருவிலிருந்து ஒருத்தரை மூப்பராக நிறுத்தலாம் என்று பேச்சு வந்தபோது, இன்னும் காலம் வரவில்லை என்று சொன்னது இந்த வாய்தானே. நூற்றைம்பது வருஷம் ஆகியும் வராத காலம் எந்த ரயிலில் வருகிறதோ. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம், சலவைக்கல்லுக்குப் பின்னால் மறைக்க முடியுமா?

அப்போதுதான் ஆயர் ரூபஸ் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஒரு சமாதானம் சொன்னார். நல்ல மனுஷன், எல்லோருக்கும் நல்லவராக இருக்கவேண்டும் என்கிற வியாதி ஒன்றுதான் அவருக்கு. “டீச்சரம்மா, நீத்தார்னும் வேணாம், நீக்கப்பட்டார்னும் வேணாம். பதிவேட்டுல இருக்கறபடியே ‘நீ.’ன்னு போட்டுடலாமே. படிக்கறவங்க எப்படி வேணா எடுத்துக்கட்டும்.” எல்லோர் முகமும் மலர்ந்தது. அந்த இடத்தில் சுகிர்தவதி என்ன செய்தாள்? இதை ஆரோனிடம்கூடச் சொல்லவில்லை, ஜெபத்தில்கூடச் சுற்றிவளைத்துத்தான் சொன்னாள். அரை நிமிஷம், முழுசாக அரை நிமிஷம், சரி என்று நினைத்தாள். மூலத்தில் உள்ளபடி. சரித்திரக்காரி என்கிற பேரும் கெடாது, அண்ணன் வீட்டுக் கல்யாணம் காட்சிக்கும் போகலாம், எவ்வளவு நாகரிகமான ஒரு புள்ளி! பேனாவைக் கூடக் கையில் எடுத்துவிட்டாள். எடுத்த பிறகுதான் உறைத்தது. எள்ளுத்தாத்தா பேனாவை எடுத்து எழுத்தை வெட்டிப் புள்ளி வைத்தது எதற்காக? பதிவேட்டை நாளைக்கு யாராவது படித்தால் கூசுமே என்றுதானே? அவருக்கே வெட்கம் இருந்திருக்கிறது. பேரனுக்குப் பேரன்மாருக்குத்தான் அதுவும் இல்லாமல் போயிற்று. “சுருக்கித்தான் இத்தனை நாள் பொய் சொன்னோம் ஆயரே, முழுசா எழுதினா குறைஞ்சா போயிடுவோம்?” என்று பேனாவை மூடி வைத்துவிட்டாள். உடனே அண்ணன் முகம் கறுத்துவிட்டது. “அப்ப மலர் வெளிவர்ற வரைக்கும் நீ மேசைக்கு வராம இருக்கறது நல்லது.” “எழுத்துல குடுங்க.” “எழுத்துல எதுக்கு? குடும்பத்துக்குள்ள பேசிக்கறது.” பார்த்தாயா! வேதமாணிக்கம் மூப்பராவது எழுதிக் கையெழுத்துப் போட்டார். இவர்கள் அந்தப் புள்ளியைக்கூட வைக்கமாட்டார்கள்.

ஐந்தாவது வரிசையில் ஏதோ ஒரு குழந்தை ரொட்டிக்குக் கை நீட்டி, அதன் அம்மா கையைத் தட்டிவிட்டாள். சுகிர்தவதியின் உள்ளங்கை வேர்த்துப்போயிருந்தது. பயம்தான், வேறென்ன. எழுந்து போய்விடலாம், முழங்கால் வலி என்றால் யாரும் கேட்கப் போவதில்லை, வேப்பமரத்தடியில் நின்றுகொண்டு பாட்டுச் சத்தம் கேட்கிற வரைக்கும் காற்று வாங்கலாம். ஐம்பத்துநாலு வயசில் இது ஒரு துண்டு ரொட்டிக்கான சண்டையா? ஆமாம், ஒரு துண்டு ரொட்டிக்கான சண்டைதான்! பதினாறு வயசில் முதல் தடவை இந்த ரொட்டியை வாங்கும்போது கை நடுங்கிற்று, இன்றைக்கு வரைக்கும் ஒவ்வொரு தடவையும் நடுங்குகிறது, அப்பா செத்த மாசம் அவளைத் தூக்கி நிறுத்தியது இதுதான். இது இல்லாமல் அவளால் இருக்க முடியாது. அதைத் தெரிந்துதான் அண்ணன் கைவைத்த இடமும் இது. யாரைத் தெரிந்தெடுக்க வேண்டும் என்று உலகம் உண்டாவதற்கு முன்னாலேயே தேவன் முன்குறித்துவிட்டார் என்பதுதானே நம்முடைய உபதேசத்துக்கே முதுகெலும்பு? மாணவர்கள் பயந்துபோய், அப்படியென்றால் நான் இருக்கிறேனா இல்லையா டீச்சர் என்பார்கள், பயமுறுத்த வந்த உபதேசமில்லை அது, பயந்தவனைப் பிடித்துக்கொள்ள வந்தது என்பாள். போப்பு, ராஜா என்று எவன் வந்து உன் பேரை அடித்தாலும் அடிபடாது. சூரியன் சந்திரன் எல்லாம் வருமுன் எழுதின பேரை மாசிலாமணி அண்ணன் பத்து ரூபாய் பால்பாயின்ட் பேனாவால் அடிப்பாராமா? சின்ன வயசில் வினாவிடைப் போட்டியில், சபைக்குத் தலை யார் என்று கேட்டதற்கு இதே அண்ணன் திருதிருவென்று முழித்துக்கொண்டு நின்றார், பின்வரிசையிலிருந்து அவள்தான் கர்த்தர் என்று கிசுகிசுத்தாள். பரிசாக டிபன்பாக்ஸ் அவருக்குக் கிடைத்தது. அந்தப் பதிலை இன்றைக்கும் மறந்துவிட்டார் போலிருக்கிறது. இன்னொரு தடவை கிசுகிசுக்க முடியாது அண்ணா, இந்தத் தடவை கொஞ்சம் உரக்கத்தான் சொல்லவேண்டியிருக்கும்.

ஆறாவது வரிசை. சந்தாயி எங்கே உட்கார்ந்திருப்பாள்? கடைசி வரிசையில், தரையில். நீக்கினால் வராமல் நின்றுவிடுவாள் என்று நினைத்திருப்பார்கள், அவள் வந்தாள். மூன்று மாசத்துக்கு ஒரு தடவை இராப்போஜனம், ஒவ்வொரு இராப்போஜனத்துக்கும் வந்தாள். யார் யார் வாங்கினார்கள் என்று மினிட் எழுதுகிற வழக்கம் அன்றைக்கும் உண்டு, எழுதியிருக்கிறார்கள். ‘சந்தாயி வந்திருந்தாள். கொடுக்கப்படவில்லை.’ அடுத்த பக்கம், ‘சந்தாயி வந்திருந்தாள். கொடுக்கப்படவில்லை.’ பதினோரு தடவை. மழைக்காலம், கோடைக்காலம், பஞ்சம் போய் விளைச்சல் வந்த வருஷம். பன்னிரண்டாவது தடவை, ‘சந்தாயி வந்திருந்தாள்.’ அவ்வளவுதான், அதற்குமேல் வெறும் தாள். அந்த வெறும் தாளை சுகிர்தவதி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாள், விரலால்கூடத் தடவிப் பார்த்தாள். கொடுத்தார்களா? யாராவது ஒரு பெண்பிள்ளை தன் துண்டைப் பிட்டு நீட்டினாளா? எழுதுகிறவனுக்கே கை கூசிப்போய் நிறுத்திவிட்டானா? அதன்பிறகு சந்தாயி எந்தப் பக்கத்திலும் இல்லை. பேர் அடிக்கப்பட்டவள் செத்தாலும் ‘நித்.’ போட இடமில்லையே. எப்போது செத்தாள், எங்கே புதைத்தார்கள், யாருக்கும் தெரியாது. ஆனால் வந்தாள். அந்த ஒன்றை எழுதினவன் அழிக்காமல் விட்டுவைத்தான். எழுதியிருந்ததால்தான் நூற்றைம்பது வருஷம் கழித்து ஒருத்திக்குத் தெரிந்தது. இன்றைக்கு? முன்பக்கப் பெஞ்சில் செயலாளர் பிலேமோன் நீள நோட்டை மடியில் வைத்துக்கொண்டு பேனாவால் தலைகளை எண்ணிக்கொண்டிருக்கிறார். ஏழாவது வரிசையில் ஒரு தலை குறைத்து எண்ணுவார், எண்ணிக்கை ஒழுங்காக இருக்கும், காரணம் இருக்காது.

வந்துவிட்டார். முதலில் செருப்பில்லாத அந்தக் கறுத்த கால்கள், வேட்டியின் கரை, பிறகு தட்டு. தட்டின் விளிம்பில் அவள் முகம் கோணலாகத் தெரிந்தது. வெள்ளை வெள்ளையாகச் சதுரத் துண்டுகள், இருபது முப்பது இருக்கும், அவ்வளவு பக்கத்தில், மாவின் வாசனை அடிக்கிற பக்கத்தில். சுகிர்தவதி இரண்டு கையையும் சேர்த்து நீட்டினாள். அவை நடுங்கவில்லை, அதுதான் அவளுக்கே ஆச்சரியம். மாசிலாமணி குனிந்தார். கண் சிவந்திருந்தது, ராத்திரி தூங்கியிருக்கமாட்டார். “நீ...” என்றார், அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, அதற்குமேல் வார்த்தை வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது. அடப்பாவி மனுஷா, இதையும் சுருக்கிவிட்டாயா! தட்டு அவள் கைகளுக்கு மேலாகப் போய் ஆரோனிடம் இறங்கிற்று. ஆரோன் தட்டை வாங்கிக்கொண்டார். வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். அடுத்து உட்கார்ந்திருந்த அம்மாள் கையை நீட்டினாள், ஆரோன் நகர்த்தவில்லை, துண்டை எடுக்கவும் இல்லை, தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். “குடுங்க மாப்ள, தள்ளிக் குடுங்க” என்று மாசிலாமணி பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

சுகிர்தவதி எழுந்து நின்றாள். முழங்கால் சுரீர் என்றது. ஆறு வரிசை ஜனம் கையில் ரொட்டியோடு திரும்பிப் பார்த்தது. கத்தவேண்டியிருக்கும் என்று நினைத்திருந்தாள், வகுப்பில் பேசுகிற குரலே போதுமாயிருந்தது.

“பிலேமோன் தம்பி, எழுதிக்கப்பா. சுகிர்தவதி வந்திருந்தாள். கொடுக்கப்படவில்லை.”

பிலேமோன் பேனாவோடு எழுந்து நின்றார், ஆயரைப் பார்த்தார், மாசிலாமணியைப் பார்த்தார். “சுகிர்தா, உக்காரு” என்றார் மாசிலாமணி. அதட்டலாகத்தான் ஆரம்பித்தார், கடைசியில் கெஞ்சலாகப் போய்விட்டது.

“உக்காந்துக்கறேண்ணா. எங்க போகப்போறேன்? அடுத்த தடவையும் இங்கதான் உக்காருவேன், அதுக்கு அடுத்த தடவையும். கொடுக்கறதும் கொடுக்காததும் உங்க இஷ்டம், எழுதிட்டுச் செய்யுங்க. நாளைக்கு ஒருத்தி வந்து படிப்பா.”

பக்கத்தில் பெஞ்ச் கிறீச்சிட்டது. முப்பத்திரண்டு வருஷம் யாரிடமும் குரல் உயர்த்தாத ஆரோன், மடியிலிருந்த தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு எழுந்தார், ஒரு துண்டும் குறையாமல் அதை மாசிலாமணியின் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். தொண்டை கட்டியிருந்தது, நிஜமாகவே சளிதான் போலிருக்கிறது.

“என் பேரையும் சேத்து எழுதிக்க தம்பி” என்றார். “ஆரோன். அவளுக்கு இல்லாதது எனக்கு வேணாம்.”

பிலேமோன் நோட்டைப் பிரித்தார். முதல் எழுத்தை எழுதிவிட்டு, பழக்கதோஷத்தில் பக்கத்தில் ஒரு புள்ளி வைக்கப்போனார்.

“முழுசா எழுது” என்றாள் சுகிர்தவதி.